எதிலே கரைச்சீங்க?

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வக்கீலம்மா என்று சொன்னால்தான் வாசல் காவலாளிக்கே ஆள் தெரியும். இத்தனைக்கும் சட்டப் புத்தகத்தை அவள் கையால் தொட்டதுகூட இல்லை. படித்தது வேதியியல், வேலை பார்த்தது வினிகர் தொழிற்சாலையில், இப்போது முனைவர் பட்டத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது ஈஸ்ட்டோடு. ரொட்டியை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட்தான். வக்கீல் பட்டம் வந்தது புதன்கிழமை வகுப்பால்.

அந்த வகுப்பு மூன்றாம் மாடியில், முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையில் நடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குடுவைகளைக் குலுக்கும் இயந்திரங்கள் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசித் தொண்டையைக் கட்டிக்கொண்டு போவார்கள். வாரத்துக்கு ஒரு மாணவர், உலகத்தில் எங்கோ யாரோ புதிதாக வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். எல்லாம் ஒரே துறைதான். நுண்ணுயிரின் வயிற்றுக்குள் இருக்கும் பாதைகளை வெட்டி, ஒட்டி, திருப்பிவிட்டு, அது தனக்காக ஒருநாளும் செய்துகொள்ளாத பொருளை நமக்காகச் செய்ய வைக்கிற வேலை. சர்க்கரையைக் கொடுத்தால் மருந்து தரும், வாசனைத் திரவியம் தரும், பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் தரும். தரும் என்று கட்டுரையில் எழுதியிருக்கும். தருகிறதா என்று பார்க்கத்தான் புதன்கிழமை.

வகுப்பை நடத்திய பேராசிரியை ஒரு வழக்கம் வைத்திருந்தார். கட்டுரையைக் கொண்டுவந்தவர் அதற்கு வக்கீல். எழுதினவர் எங்கோ இருக்கிறார், எனக்கென்ன தெரியும் என்று நழுவக் கூடாது. நானே எழுதினேன் என்று நின்று பதில் சொல்ல வேண்டும். எதிரே ஒருவர் எதிர்க்கட்சி, ஓட்டை தேடுவது அவர் வேலை. எல்லாம் முடிந்ததும் பேராசிரியை எழுந்து கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு இடப்பக்கம் ஈஸ்ட்டுக்குள் போன கார்பன், வலப்பக்கம் வெளியே வந்த கார்பன். இரண்டும் ஒத்துப்போனால் கட்டுரை பிழைத்தது.

"ஈஸ்ட் ஒண்ணும் மந்திரவாதி இல்லை. உள்ளே போகாதது வெளியே வராது" என்பார். வாரம் தவறாமல் சொல்வார், ஒவ்வொரு வாரமும் இப்போதுதான் கண்டுபிடித்ததைப் போலச் சொல்வார்.

அந்த அறையில் அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஜெயித்தாள். வக்கீலாக நின்றால், நோஞ்சான் கட்டுரையைக்கூடக் கரையேற்றிவிடுவாள். எதிர்க்கட்சி என்றால் கேட்கவே வேண்டாம், எதிரே இருப்பவர் பாடு திண்டாட்டம்தான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கட்டுரையைப் படித்துவிட்டு வருவாள். வந்து உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, குடுவையில் சேர்த்த மருந்தைப் பற்றிச் சாதாரணமாக ஒரு கேள்வியில் ஆரம்பிப்பாள்.

"அந்த மருந்தை எதிலே கரைச்சீங்க?"

பாதிப் பேர் அங்கேயே திருதிருவென்று விழிப்பார்கள். என்ன சேர்த்தோம் என்று தெரியும், எவ்வளவு சேர்த்தோம் என்று தெரியும். எதில் கரைத்தோம் என்பது அவர்கள் படித்த கட்டுரையில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். இந்தக் கேள்வியை அவள் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அங்கே ஒருமுறை நுரையை அடக்கும் மருந்தை எதிலோ கரைத்து ஊற்றி, பெரிய தொட்டி ஒன்று அப்படியே படுத்துவிட்டது. அன்றைக்கு வாங்கிய திட்டு அவளுக்கு ஆயுசுக்கும் போதும்.

வினிகர் செய்வதில் பெரிய மாயம் எதுவும் இல்லை. தொட்டியில் பாக்டீரியா இருக்கும். ஆல்கஹால் ஊற்றினால் அதைத் தின்று வினிகராக்கிக் கொடுக்கும். ஊற்றுவது நின்றால் பட்டினியில் செத்துப்போகும். அதனால் ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் போகிறவரிடம் கேட்கிற முதல் கேள்வி, "தொட்டிக்குச் சாப்பாடு போட்டாச்சா?" அங்கே பம்புகளைப் பழுதுபார்த்த மெக்கானிக் அவளிடம் பேசிய முதல் வாக்கியமும் அதுதான். காதல் வசனம் என்று அவர்களுக்குள் ஏதாவது உண்டென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். அவரையே கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு பெண் பிறந்தாள், ஷிஃப்ட் கெமிஸ்ட்டாக வருஷங்கள் ஓடின. பிறகு ஒருநாள், இதே தொட்டிக்குள் நடப்பதை இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டும் என்று கிளம்பினாள்.

"போய்ட்டு வா. நாங்க ரெண்டு பேரும் சமாளிச்சுக்கறோம்" என்றார் கணவர். அப்போது மகளுக்கு ஷூவில் முடிச்சுப் போடக்கூடத் தெரியாது.

படிக்கும் ஊருக்கும் வீட்டுக்கும் இடையே முழுநாள் ரயில். விடுமுறையில் போவாள், வருவாள். இந்த வருஷத்தோடு முடிந்தது, பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்துவிடுவேன், இனிமேல் எங்கும் போக மாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மகள் இப்போது சும்மா கேட்டுக்கொள்கிற ரகமில்லை.

"பீரோவிலே ரெண்டாவது தட்டைக் காலி பண்ணிட்டேன்மா" என்றாள் போனில். "உன் புக்கெல்லாம் அதிலேதான். என் சாமானை எல்லாம் கீழே தள்ளிட்டேன். நீ வரலேன்னா எனக்குத்தான் நஷ்டம்."

"வராம எங்கே போறேன்? டிக்கெட்டே பார்த்தாச்சு."

அவள் அவ்வளவு தைரியமாகப் பேசியதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய ஈஸ்ட் ஓர் அமிலத்தைத் தந்தது, பிளாஸ்டிக் செய்ய உதவும் அமிலம். சர்க்கரையிலிருந்து அதிகபட்சம் இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. மற்றவர்களின் ஈஸ்ட் எல்லாம் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றபோது, அவளுடையது அந்த வரம்பைத் தொடாத குறைதான். கட்டுரை எழுதி முடித்தாகிவிட்டது. தலைப்பிலேயே 'இதுவரை கண்டதில் மிக உயர்ந்த' என்று போட்டிருந்தாள். கட்டுரை வெளியே போனதும் பட்டம், பட்டம் வந்ததும் ரயில்.

ஆனால் எந்தக் கட்டுரையும் அந்த அறையைத் தாண்டாமல் வெளியே போகாது. சொந்தக் கட்டுரைக்கு வழக்கம் தலைகீழ். எழுதினவர் வக்கீலாக நிற்கக் கூடாது. வேறொருவர் அதைத் தாங்கிப் பேசுவார், எழுதினவர்தான் எதிர்க்கட்சி. பெற்ற பிள்ளையைத் தானே நடுக்கூடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். இந்த வழக்கம் பேராசிரியைக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது, ஆனால் அதில் அழாமல் வெளியே வந்தவர்கள் குறைவு.

அவளுக்கு வக்கீலாக வாய்த்தவன் ஏணி. ஆள் அத்தனை உயரம், மேல் அலமாரியிலிருந்து எதை எடுக்கவும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். படிப்பில் அவளுக்கு இரண்டு வருஷம் இளையவன், அவளிடம் தோற்றுத் தோற்றே வளர்ந்தவன்.

"அக்கா, இந்தத் தடவை உங்க கட்டுரைக்கு நான் வக்கீல். நான் ஜெயிச்சா நீங்க ஜெயிச்ச மாதிரி. தயவுசெஞ்சு என்னை ஜெயிக்க விடுங்க."

"செல்லமா நாலு கேள்வி கேட்டுட்டு உட்கார்ந்துடறேன். போதுமா?"

"நீங்க செல்லமாக் கேட்டதுலதான் போன வருஷம் எனக்குக் காய்ச்சலே வந்துது."

செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாருமில்லாத அந்த அறைக்குப் போய் ஒத்திகை பார்த்தாள். கரும்பலகையில் கோட்டைப் போட்டாள். இடப்பக்கம் சர்க்கரை என்று எழுதினாள். சிரித்துக்கொண்டே, எதிரில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து வழக்கமான குரலில் கேட்டாள்.

"மருந்தை எதிலே கரைச்சீங்க?"

அவளுடைய ஈஸ்ட்டில் புதுப் பாதை தானாகத் திறக்காது. அதைத் திறக்க ஸ்விட்ச் மாதிரி ஒரு மருந்து உண்டு, அதைத் தினமும் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அந்த மருந்து தண்ணீரில் கரையாது. கெட்டியாகக் கரைத்தால் பனிப்பெட்டியில் அடியில் படிந்துவிடுகிறது என்று அவள் அதை நீர்க்க நீர்க்கக் கரைத்து, அந்தக் குறையை ஈடுகட்டச் சொட்டைக் கூட்டியிருந்தாள்.

"ஆல்கஹால்லே" என்று தானே பதில் சொன்னாள்.

சொன்ன வாய் மூடவில்லை. கையிலிருந்த சாக்கட்டி சர்க்கரைக்குக் கீழே அப்படியே நின்றது.

ஆல்கஹால். தொட்டிக்குச் சாப்பாடு. வருஷக்கணக்காக வேளாவேளைக்குத் தன் கையால் பாக்டீரியாவுக்கு ஊட்டிய அதே ஆல்கஹால். ஈஸ்ட்டும் அதை விரும்பித் தின்னும், எந்த முதலாண்டு மாணவரைக் கேட்டாலும் சொல்வார். சர்க்கரையை மட்டும் கணக்கில் எழுதிவிட்டு, பின்வாசல் வழியாகத் தினமும் இன்னொரு சாப்பாட்டைப் போட்டிருக்கிறாள். அப்புறம் அந்தப் பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்ததைப் பார்த்து ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறாள்.

யாரும் கவனிக்காததற்கும் காரணம் இருந்தது. சர்க்கரையைத் தின்னும் ஈஸ்ட் தானே கொஞ்சம் ஆல்கஹாலைச் செய்துகொள்ளும். அதனால் சோதனையில் ஆல்கஹால் தெரிந்தால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த குடுவைக்காவது மருந்தில்லாத வெறும் ஆல்கஹாலை ஊற்றியிருந்தால் குட்டு அன்றே வெளிப்பட்டிருக்கும். அதற்கு ஒன்றுமே ஊற்றவில்லை. இடப்பக்கம் சர்க்கரைக்குக் கீழே ஆல்கஹாலையும் எழுதிக் கூட்டிப் பார்த்தாள். 'மிக உயர்ந்த' என்ற சொல் நிற்க இடமில்லாமல் போயிற்று. எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். பள்ளி திறந்து, பாதி வருஷம் போய்விடும்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஆசை வந்தது. வராமலிருக்க அவள் என்ன கல்லா? பேராசிரியை கவனிக்கவில்லை, ஏணி கவனிக்கவில்லை, நாளைக்கு எதிர்க்கட்சி அவளேதான். வேறு நாலு கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. காலியாகக் கிடக்கும் அந்தப் பீரோத் தட்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. மகளை நினைத்து அழுகையே வந்துவிட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு பேராசிரியையின் அறை வரைக்கும் போனாள். கதவில் கை வைத்தவள் எடுத்துவிட்டாள். அடுத்தவர் கட்டுரைகளை எல்லாம் நடுக்கூடத்தில் வைத்துக் கிழித்தவள், தன் கட்டுரையை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கிழிப்பதா? அவளுக்கு அது பிடிக்கவில்லை. திரும்பி வந்து கரும்பலகையை அழித்தாள்.

மறுநாள் அறை நிரம்பிவிட்டது. வக்கீலம்மா வக்கீலம்மாவையே எதிர்க்கிறாள் என்றால் யாருக்குத்தான் பார்க்க ஆசையிருக்காது? கீழ்த்தளத்திலிருந்தெல்லாம் வந்து சுவரோரம் நின்றார்கள். ஏணி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். உண்மையிலேயே அருமையாகப் பேசினான். அவள் எழுதியபோது அவளுக்கே தோன்றாத நியாயங்களை எல்லாம் எடுத்துவிட்டான். பேராசிரியை இரண்டு முறை தலையாட்டினார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"நல்லாப் பேசினீங்க. மருந்தை எதிலே கரைச்சீங்க?"

இந்தக் கேள்வி வருமென்று அவனுக்குத் தெரியாதா என்ன? பதிலைத் தயாராக வைத்திருந்தான். "ஆல்கஹால்லே" என்றான் டக்கென்று.

"ஆல்கஹால் ஈஸ்ட்டுக்கு என்ன?"

"அளவு மீறினா விஷம். ஆனா நாங்க போட்டது ரொம்பக் குறைவு."

"ஒரு தடவை போட்டது குறைவு. தினமும் போட்டீங்களே, மொத்தம்? அளவு மீறாத வரைக்கும் அது என்ன?"

ஏணி வாயைத் திறந்தான். மூடிவிட்டு, விரல் விட்டு நாட்களை எண்ணினான். முகத்தில் ஈயாடவில்லை.

"சாப்பாடு" என்றான் மெதுவாக.

"ஒப்பிடற குடுவைக்கு எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஊத்தலை."

"ஏன்?"

அவன் கட்டுரையைப் பார்த்தான், பேராசிரியையைப் பார்த்தான், கடைசியில் அவளையே பார்த்தான். கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில், "எழுதினவங்க மறந்துட்டாங்க அக்கா" என்றான்.

பேராசிரியை எழுந்து போய்க் கோட்டைப் போட்டார். இடப்பக்கம் சர்க்கரை, அதன் கீழே ஆல்கஹால். கூட்டினார், வலப்பக்கத்தோடு ஒப்பிட்டார், சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"இது உனக்கு எப்போம்மா தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம் மேடம்."

"என்கிட்டே வந்து சொல்லியிருக்கலாமே?"

"வந்தேன் மேடம். ஆனா இதைக் கேட்கத்தானே இந்த ரூம்?"

பேராசிரியை கையில் ஒட்டிய சாக்குப் பொடியைத் தட்டினார். "அந்தக் கட்டுரையிலே என் பேரும் இருக்கு. நானும்தான் பார்க்கலை" என்றார். அந்த அறையில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "திங்கட்கிழமையே ஆரம்பி. எல்லாக் குடுவைக்கும் ஒரே சாப்பாடு."

வெளியே வந்ததும் ஏணி அவள் பின்னாலேயே ஓடிவந்தான். "அக்கா, ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு தடவை ஜெயிக்க இருந்தேன்."

"அடுத்த தடவை இதே கட்டுரைக்கு நீதான் வக்கீல். அப்போ ஜெயிச்சுக்கோ."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள். கணவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. "ஆல்கஹாலையா மறந்தே? நீயா?" என்று ஒரேயொரு தடவை கேட்டார், பிறகு, "சரி விடு, செஞ்சு முடிச்சுட்டு வா" என்றார். விஷயத்தைச் சொல்லி மகளிடம் போனைக் கொடுத்தார்.

"யாரும்மா அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

"வேற யாருக்குமே தெரியலையா?"

"தெரியலை."

"அப்ப ஏன் சொன்னே?"

இப்படி ஒரு கேள்வியை அந்த அறையில் யாரும் அவளைக் கேட்டதில்லை. "வேற யாரோ எழுதியிருந்தா விட்டிருப்பேனா?" என்றாள். மகளுக்கு அது பதிலாகவே படவில்லை.

"சரி. தட்டிலே என் சாமானையே வச்சுக்கறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்த வேகத்தைப் பார்த்து ஆராய்ச்சிக் கூடமே ஒதுங்கி வழிவிட்டது. மருந்து போட்ட குடுவைக்கும் ஆல்கஹால், போடாத குடுவைக்கும் அதே அளவு ஆல்கஹால். தினமும் ஊற்றும்போது, "சாப்பாடு போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் மூடியை மூடுவாள். கடைசியில் வந்த எண் பழையதைவிடக் குறைவு. தலைப்பிலிருந்து 'மிக உயர்ந்த' போயிற்று. ஆனால் புதுப் பாதை வேலை செய்வது உண்மைதான், யார் வந்து எந்தப் பக்கம் தட்டினாலும் அது நிற்கும். புதன்கிழமை அறையில் ஏணி அதை வைத்து அவளையே ஜெயித்தான். ஜெயித்துவிட்டு ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தான்.

முனைவர் பட்டத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். சிடுசிடுத்த முகம். ஆய்வேட்டைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், முதல் கேள்வியைக் கேட்டார்.

"இந்த மருந்தை எதிலே கரைச்சீங்க?"

பின்வரிசையில் ஏணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆல்கஹால்லே சார். அது ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு. அதனாலே எல்லாக் குடுவைக்கும் ஒரே அளவு ஊத்தி, அதையும் கணக்கிலே சேர்த்திருக்கேன்."

தேர்வாளர் முகம் தெளிந்துவிட்டது. மற்ற கேள்விகளை எல்லாம் அவர் கடமைக்குத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை முடிந்து, விடுமுறையும் முடிந்திருந்தது. கணவர் பெட்டிகளை உள்ளே கொண்டுவந்து வைத்தார். பீரோவின் இரண்டாவது தட்டில் மகளுடைய புத்தகங்களும் வண்ணப் பென்சில் டப்பாக்களும் பிதுங்கி நின்றன. மகள் அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எத்தனை நாள் இருப்பே?"

"இனிமே இங்கேதான்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னே."

"சொன்னேன். தப்பாப் போச்சு."

"இது தப்பாப் போகாதுன்னு நான் எப்படி நம்பறது?"

எத்தனையோ பேரை வாயடைக்க வைத்தவள் கணவரைத் துணைக்குப் பார்த்தாள். அவர் அவசர அவசரமாகப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். இந்த வழக்கில் யாரும் அவளுக்கு வக்கீல் இல்லை.

"என் பேச்சை நம்ப வேண்டாம்" என்றாள். "நாளைக்கு ஸ்கூல் விட்டு வரும்போது வாசல்லே நிக்கிறேனான்னு பாரு. மறுநாளும் பாரு. நின்னா எழுதிக்கோ."

மகள் யோசித்தாள். பிறகு தன் புத்தகங்களை எடுத்துக் கீழ்த் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். தட்டில் சரிபாதி காலியானதும் நிறுத்திவிட்டாள்.

"இப்போதைக்குப் பாதிதான்."

அவள் தன் புத்தகங்களை அந்தப் பாதிக்குள் நெருக்கி நெருக்கி வைத்தாள். கண்ணீர் வந்ததை மறைக்கவில்லை. ஒரு வாரம் அவள் தினமும் வாசலில் நின்றாள், மகள் தெருமுனையிலிருந்தே எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு வந்தாள். அடுத்த திங்கட்கிழமை மிச்சப் பாதியும் காலியாகியிருந்தது.